29 லட்சம் பச்சை இலை, 67 ஆயிரம் தூள்: என் சிங்கப்பூர் கணக்கு

போன வாரம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். அண்ணா, எனக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, ரூபாயில பார்த்தா ரெண்டு லட்சத்துக்கு மேலன்னு சொன்னான். அவன் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா 2023-ல அதே மூஞ்சியோடதான் நானும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்துட்டு சுத்துனேன். அவன்கிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசுனதைத்தான் இங்க எழுதறேன். அன்னைக்கு எனக்கு ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா அம்மாவோட ரெண்டு வளையலும் ஒரு செயினும் அடகுக் கடைக்குப் போயிருக்காது.

எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை, அவ்வளவுதான் சொத்து. கடல் தாண்டறது எங்க குடும்பத்துக்குப் புதுசு இல்ல, தாத்தா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து கப்பல் ஏறி மண்டபம் கேம்ப் வழியா மலைக்கு வந்தவர். நான் பி.காம் முடிச்சுட்டு கோயம்புத்தூர்ல ஒரு சரக்கு அனுப்பற ஆபீஸ்ல டாக்குமெண்ட் வேலை பார்த்தேன், மாசம் 32,000. அப்ப பச்சை இலை கிலோ 15, 16 ரூபாய்னு கிடந்துச்சு, 33 ரூபாய் 50 காசாவது குடுங்கன்னு விவசாயிங்க உண்ணாவிரதம் உக்காந்திருந்த நேரம் அது. மழையில பறிச்ச இலைக்கு தண்ணிக் கழிவுன்னு எடையில வேற பிடிப்பாங்க. அந்த நிலைமையில ஒரு ஏஜென்ட் வந்து சிங்கப்பூர்ல 3,400 டாலர் சம்பளம், எஸ் பாஸ்ங்கற வேலை அனுமதி, ரெண்டு வருஷம்னு சொன்னா யார் வேண்டாம்பாங்க? ஒரு சிங்கப்பூர் டாலர் 61 ரூபாய்னு போனுல பெருக்குனேன், 2,07,400. அந்த நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சேன்னா பாத்துக்கங்க.

ஏஜென்ட் கேட்டது மூணரை லட்சம், கேஷா, ரசீது கிடையாது. கம்பெனிக்கு வெளிநாட்டு ஆள் எடுக்க கோட்டா கிடைக்கறதே கஷ்டம் தம்பி, அதான் ரேட்டுன்னார். நானும் தலையாட்டுனேன். இப்ப தெரிஞ்சதை அப்பவே தெரிஞ்சுக்க அரை மணி நேரம் போதும். இந்தியாவுல பதிவு பண்ணின ஏஜென்ட்டா இருந்தா சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. பதிவு இருக்கான்னு இமைக்ரேட்னு மத்திய அரசோட தளம் இருக்கு, அதுல பேர் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் பக்கமும் லைசென்ஸ் உள்ள ஏஜென்சி வேலை செய்யப்போற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசச் சம்பளம்னு, அதிகபட்சம் ரெண்டு மாசம் வரைதான் வாங்க முடியும். ரசீது தர மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க, மீதியை யோசிக்கவே வேண்டாம். நான் எந்திரிக்கல. நகைக் கடன் ரெண்டு லட்சம், மீதி கையில இருந்ததும் கைமாத்தும்.

போறதுக்கு முன்னாடியே முதல் அடி விழுந்துச்சு. ரூம் தேடுனேன். ஃபேஸ்புக்ல ஒரு ரூம், பூன் லே ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம், படம் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார், 900 டாலர் அட்வான்ஸ் போட்டா வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்னு வாட்ஸ்ஆப்ல பேசுனாங்க. அங்க வேலை பார்க்கிற தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா பணத்தைப் போட்டேன். போய் இறங்கி பெட்டியோட அந்த பிளாக்குக்குப் போனா கதவைத் திறந்தது ஒரு மலாய்க் குடும்பம், அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல, பாவம், தண்ணி குடுத்து உக்கார வச்சாங்க. 55,000 ரூபாய் போச்சு. ரூமைக் கண்ணால பார்க்காம ஒரு டாலர் அனுப்பாதீங்க. முதல் ரெண்டு வாரத்துக்கு தெரிஞ்சவங்க ரூமோ பங்க் பெட் ஹாஸ்டலோ போதும். வீட்டு ஏஜென்ட்னு யாராவது வந்தா அவங்க பேர் சிஇஏ, அதாவது வீட்டு ஏஜென்ட்டுகளைப் பதிவு பண்ற அரசு அமைப்போட பதிவேட்டுல இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, அரசு அடுக்குமாடி வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் கை நீட்டி வாங்கவே கூடாதுன்னு அங்க சட்டம், பணம் நேரா வீட்டுக்காரருக்குத்தான் போகணும்.

அப்புறம் கிடைச்ச ரூம் ஜூரோங் வெஸ்ட்ல 950 டாலர். சீன ஆன்ட்டி ஒருத்தங்க வீடு. விளம்பரத்துல லைட் குக்கிங்னு போட்டிருந்துச்சு. லைட் குக்கிங்னா என்னன்னு மூணாவது நாள் தெரிஞ்சுது. கடுகு தாளிச்சேன், ஆன்ட்டி ஓடி வந்து ஜன்னல் எல்லாம் திறந்துட்டு, மேகி கேன், முட்டை அவிக்கறது கேன், திஸ் ஒன் கேனாட்னு, அதாவது தாளிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னையில இருந்து எனக்கு சாப்பாடு வெளியதான். பாருங்க, ஒரு கடுகு தாளிப்பு என் மாசச் செலவுல 200 டாலர் ஏத்திடுச்சு. ரூம் பார்க்கும்போது கிச்சன்ல என்னென்ன செய்யலாம்னு ஒவ்வொண்ணா கேட்டு, வாட்ஸ்ஆப்ல எழுதியும் வாங்கிக்கங்க. ஏசி சர்வீஸ் யார் செலவுங்கறதையும்தான். நான் காலி பண்ணும்போது ஏசி சர்வீஸ், சுவர் கறைன்னு டெபாசிட்ல 400 பிடிச்சுட்டாங்க, நான் சண்டை போடல, அசதி.

ஏன் இவ்வளவு வாடகைன்னு எனக்கு முதல்ல புரியவே இல்ல, ஏன்னா அந்த ஊர்க்காரங்க யாரும் வாடகையைப் பத்திப் புலம்பிக் கேட்டதில்ல. அப்புறம்தான் புரிஞ்சுது. அங்க பத்துல கிட்டத்தட்ட எட்டுப் பேர் அரசு கட்டின எச்டிபி வீட்டுல இருக்காங்க, பெரும்பாலும் சொந்தமா, 99 வருஷக் குத்தகையில. வாடகை ஏறுனா அவங்களுக்கு வருமானம். 2022-ல தனியார் வீட்டு வாடகை மட்டும் ஒரே வருஷத்துல 30 சதவீதம் பக்கம் ஏறுச்சு, அந்த ஏத்தத்தைக் கட்டறது நம்மள மாதிரி பாஸ்ல வந்தவன்தான். பணக்கார ஊர்ல உங்களுக்கு வர்ற சம்பளமும் அந்த ஊர்க்காரருக்கு வர்ற சம்பளமும் ஒரே நம்பரா இருந்தாலும் ஒண்ணு இல்ல, அவருக்கு வீடு இருக்கு, சிபிஎஃப்னு பிஎஃப் மாதிரி முதலாளி பங்கும் சேருது. வெளிநாட்டு பாஸ்காரனுக்கு அந்த சிபிஎஃப் கிடையாது.

இனி சொல்லப்போறதுதான் முக்கியம், எழுதவே கை கூசுது. முதல் மாசம் சம்பளம் அக்கவுண்ட்ல 3,400 ஏறுச்சு. சாயந்திரம் ஆபீஸ்ல ஒருத்தர் தோள்ல கை போட்டு கீழ காபி கடைக்குக் கூட்டிட்டுப் போனார். தம்பி, உன் சம்பளம் 2,400, பேப்பர்ல அப்படிப் போட்டாதான் பாஸ் வரும், ஆயிரம் எடுத்துக் குடுத்துடுன்னார். எனக்கு காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்த செப்டம்பர்ல எஸ் பாஸுக்கு குறைந்தபட்ச சம்பளத்தை 3,150 ஆக்கியிருந்தாங்க, வயசு ஏற ஏற அதுவும் ஏறும், எனக்கு 26. அந்தக் கோட்டைத் தாண்டத்தான் 3,400-ன்னு எழுதியிருக்காங்க. ஊர்ல நகைக் கடனும் கைமாத்தும் நிக்குது, நான் என்ன பண்ண? ஏடிஎம்ல இருபது அம்பது டாலர் நோட்டு எடுத்து, பில் ஆஃப் லேடிங்னு கப்பல் சரக்குக்குத் தர்ற ரசீது போடற பழுப்புக் கவர்ல வச்சுக் குடுத்தேன். நம்ம யுபிஐ மாதிரி அங்க இருக்கிற பேநவ்ல அனுப்பட்டுமான்னு கேட்டதுக்கு சிரிச்சார், கேஷ்தான். பதினாலு மாசம், பதினாலு கவர்.

இது அங்க பெரிய குத்தம். வேலை குடுத்ததுக்காக தொழிலாளிகிட்ட பணம் திருப்பி வாங்கினா 30,000 டாலர் வரை அபராதம், ரெண்டு வருஷம் வரை ஜெயில். எஸ் பாஸுக்கு கம்பெனி மாசாமாசம் அரசுக்குக் கட்டற லெவியையும் நம்மகிட்ட வசூல் பண்ணக்கூடாது. மனிதவள அமைச்சகத்துல நேரா புகார் குடுக்கலாம். நான் குடுக்கல. பாஸ் ரத்தாயிடும், கடனை எப்படி அடைப்பேன்னு பயம். எனக்கு அப்புறம் அதே சீட்டுக்கு வந்தவனும் கவர் குடுத்திருப்பான்ல, அதை நினைச்சா இன்னைக்கும் உறுத்துது. நீங்க மாட்டிக்கிட்டா குறைஞ்சது ஏடிஎம் ரசீதையும் மெசேஜையும் தேதியோட சேர்த்து வைங்க, வாயால சொன்னதை அன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வைங்க. முக்கியமா, கிளம்பறதுக்கு முன்னாடி வர்ற ஐபிஏ லெட்டர்ல, அதாவது பாஸுக்கான முன் ஒப்புதல் கடிதத்துல, பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும், அதைக் காட்டி இதுல இருந்து ஒரு பைசா திருப்பிக் குடுக்கணுமான்னு எழுத்துல கேளுங்க.

வேலை மட்டும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதைச் சொல்லாம விடக்கூடாது. கப்பல் சரக்குக்கு டாக்குமெண்ட் போடறது. 2023-ல அந்தத் துறைமுகம் கையாண்டது இருபது அடி கணக்குல கிட்டத்தட்ட 3 கோடியே 90 லட்சம் கண்டெய்னர், ஷாங்காய்க்கு அடுத்தது அதுதான். அதுல பெரும்பாலானது சிங்கப்பூருக்கு வர்ற சரக்கே இல்ல, ஒரு கப்பல்ல இருந்து இறங்கி இன்னொரு கப்பல்ல ஏறிப் போயிடும். எனக்கு நம்ம மேட்டுப்பாளையம்தான் ஞாபகம் வந்துச்சு. அங்க மலைக் கிழங்கு விளையறது இல்ல, ஆனா ஊட்டிக் கிழங்குக்கு மண்டி அங்கதான், விலையும் அங்கதான் முடிவாகுது. நடுவுல நிக்கிற இடத்தையே முதலா வச்சுப் பொழைக்கிற ஊரு. தண்ணியில ஒரு பங்கைக்கூட பக்கத்து மலேசியாவோட ஜோகூர்ல இருந்து குழாய்ல வாங்கிக்கிட்டு இவ்வளவு பெருசா வந்திருக்காங்கன்னா சும்மா இல்ல. துபாயும் இதே ரகம்தான், எண்ணெய் எண்ணெய்னு நாம சொல்றோம், துபாயோட பொருளாதாரத்துல எண்ணெய் பங்கு ரொம்பச் சின்னது, 1979-ல திறந்த ஜெபல் அலி துறைமுகமும் ஏர்போர்ட்டும் வியாபாரமும்தான் அதைத் தூக்கி விட்டது. ஆனா மண்டி பணக்காரமா இருக்குன்னா மூட்டை எண்ணறவன் பணக்காரனா இருக்கான்னு அர்த்தம் இல்ல, அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி நான் படிச்சதெல்லாம் தலைக்கு இவ்வளவு வருமானம்ங்கற கணக்கு, சிங்கப்பூர்ல அது வருஷத்துக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல. அடேங்கப்பான்னு இருந்துச்சு. அந்தக் கணக்குல அங்க ஆபீஸ் வச்சிருக்கிற வெளிநாட்டு கம்பெனிகளோட லாபமும் சேர்ந்துதான் வகுபடுது, அது யார் பாக்கெட்டுக்கும் நேரா போறது இல்ல. பார்க்க வேண்டியது நடுச் சம்பளம், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில நிக்க வச்சா நடுவுல நிக்கிறவர் வாங்கறது. 2023-ல அங்க முழு நேர வேலை பார்க்கிற குடிமக்கள், பிஆர்னு சொல்ற நிரந்தரவாசிகளுக்கு முதலாளி சிபிஎஃப் பங்கோட சேர்த்து அது 5,197 சிங்கப்பூர் டாலர். என்னோட 2,400 எங்க நிக்குது பாருங்க. கடை விலை, கிளினிக் பில் எல்லாம் அந்த நடு ஆளுக்கும் அவருக்கு மேல இருக்கிறவங்களுக்கும் போட்ட விலை. நான் அங்க போய் இறங்கின மாசம்தான் கார் வாங்க உரிமைச் சீட்டு, சிஓஇன்னு சொல்வாங்க, பெரிய கார் பிரிவுல 1,50,000 டாலரைத் தாண்டுச்சு. கார் இல்லைங்க, பத்து வருஷம் கார் வச்சுக்கலாம்ங்கற சீட்டு மட்டும் 90 லட்சம் ரூபாய்க்கு மேல. எங்க ரோட்டுல அதைக் கட்டினவங்களும் போறாங்க, நானும் அதே ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறேன்.

பல்வலி வந்ததைச் சொல்லணும். கம்பெனி எடுத்த இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில படுத்தா மட்டும்தான், பல்லுக்கு கிடையாது. ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 1,800 டாலர்னு சொன்னாங்க, நான் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய வந்தேன். மூணு வாரம் கிராம்பு, மாத்திரை. ரூம்ல இருந்த பட்டுக்கோட்டை அண்ணன்தான், டேய் மலேசியா டிசம்பர்ல இருந்து நம்மாளுக்கு விசா இல்லைன்னு சொல்லிட்டான்டா, ஜோகூர் போய்ப் பண்ணிக்கன்னார். 170 நம்பர் பஸ், பாலம் தாண்டுனா வேற விலை, 450 டாலர்ல முடிஞ்சுது. பஸ்ல பாதிப் பேர் அதே மாதிரி முடி வெட்ட, மளிகை வாங்க, பல் பிடுங்கப் போறவங்கதான். நீங்க போறதா இருந்தா பல்லு, கண்ணு, கண்ணாடி எல்லாத்தையும் ஊர்லயே முடிச்சுட்டுப் போங்க, வெக்கப்படாதீங்க.

துபாய்ல இருக்கிற என் ஃப்ரெண்டுகிட்ட புலம்புனேன், அங்க வருமான வரி இல்லையே நீ குடுத்து வச்சவன்டான்னேன். அவன் சொன்னது, வரி இல்லதான், ஆனா வருஷ வாடகையை நாலு செக்கா முன்கூட்டியே எழுதி வாங்கிட்டான், கரண்ட் கனெக்ஷனுக்கு டெபாசிட் தனி, வந்த முதல் மாசமே பேங்க் லோன்தான் எடுத்தேன்னு. சுவிட்சர்லாந்து ஸூரிக்ல சம்பளம் உலகத்துலயே ரொம்ப அதிகமான ஊர்கள்ல ஒண்ணு, ஆனா அங்க மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதை அவங்கவங்க சம்பளத்துல இருந்துதான் கட்டணும். வெளிநாட்டு ஆளுக்குச் செலவு அதிகமான ஊர்னு மெர்சர்ங்கற ஆலோசனைக் கம்பெனி 2024-ல போட்ட பட்டியல்ல ஹாங்காங், சிங்கப்பூர், ஸூரிக்னு முதல் மூணு இடம். ஊருக்கு ஊர் பிடிக்கிற இடம்தான் மாறுது.

2024 மே, ஜூன்ல செங்கடல் பிரச்சினையால கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்தி வந்து, சேர வேண்டிய நாள்ல சேராம மொத்தமா வந்து சிங்கப்பூர்ல குவிஞ்சுது. ரெண்டு மூணு நாள் வெளிய நங்கூரம் போட்டு நின்னுச்சு. எங்களுக்கு ராத்திரி பகல் இல்ல, ஒவ்வொரு டாக்குமெண்டும் நாலு தடவை மாத்தணும், ஓவர்டைம் காசு கிடையாது. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கீழ கடையில தே ஓ வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், பால் இல்லாத டீ, 1.30 டாலர், 80 ரூபாய். அதாவது நான் கிளம்பின அன்னைக்கு எங்க தோட்டத்து விலைக்கு அஞ்சு கிலோ பச்சை இலை. சிரிப்பு வந்துச்சு, உடனே அழுகையும் வந்துச்சு, பக்கத்து டேபிள் தாத்தா ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் அப்பாவுக்கு போன் பண்ணி எவ்வளவு வேலைன்னு சொல்லாம, சம்பளத்தைச் சொல்லியே பெருமை பேசிட்டு இருந்தேன், பழக்கம். அவர் கேட்டார்: "டேய், நீ பச்சை இலை எடையையே சொல்லிட்டு இருக்க. தூள் எவ்வளவுடா விழுந்துச்சு?" தேயிலை ஊர்ல இல்லாதவங்களுக்குச் சொல்றேன், நாலு நாலேகால் கிலோ பச்சை இலை போட்டாதான் ஒரு கிலோ தூள் வரும். என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி பட்டுக்கோட்டை அண்ணனோட உக்காந்து காலண்டர் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஜூன்ல போட்டது, நவம்பர்ல கிளம்பிட்டேன்.

கிளம்பும்போதும் ஒரு அடி. வெளிநாட்டு ஆள் வேலையை விட்டா கம்பெனி வரி ஆபீஸுக்குச் சொல்லி, வரி கணக்கு முடியற வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கணும்னு ரூல். எனக்குத் தெரியாது, அதை நம்பி டிக்கெட்டும் வீட்டுக்கு வாங்க வேண்டியதும் பேசி வச்சிருந்தேன். அண்ணன்கிட்டதான் கடன் வாங்குனேன். பாஸ் ரத்தானா 30 நாள்தான் இருக்கலாம், அதனால ஒரு மாசச் செலவுக் காசைத் தொடாம தனியா வச்சிருங்க. வரி 400 டாலர் சொச்சம் வந்துச்சு. வயிறு எரிஞ்ச விஷயம் என்னன்னா அது 3,400-க்குப் போட்ட வரி, நான் கவர்ல வச்சுக் குடுத்த காசுக்கும் சேர்த்து.

ஊருக்கு வந்து நோட்டுல கூட்டிப் பார்த்தேன். பேப்பர்ல பதினாலு மாசச் சம்பளம் 47,600 டாலர், 29 லட்சம் ரூபாய். ஏஜென்ட், வட்டி, கவர், வாடகை, சாப்பாடு, போலி ரூம், பல்லு, டிக்கெட், வீட்டுக்கு மாசம் அனுப்பின 12,000 ரூபாய் எல்லாம் போக மிச்சம் 67,000 ரூபாய் சொச்சம். இப்ப மறுபடி கோயம்புத்தூர்தான், துறைமுக அனுபவம் இருக்குன்னு 45,000 குடுக்கறாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலைக்கு வந்துடுவேன்.

சரி, அந்தப் பையன். அவன் ஐபிஏ லெட்டரைப் பிரிச்சுப் பார்த்தோம். பேசிக் 2,100, ஹவுசிங் அலவன்ஸ் 1,300-ன்னு இருந்துச்சு. அண்ணா, அந்த 1,300 கையில வருமா, இல்ல ரூம் வாடகைன்னு பிடிச்சுக்குவாங்களான்னு கேட்டான். என்கிட்ட கேக்காதே, ஏஜென்ட்கிட்ட கேளு, போன் பண்ணாத, டைப் பண்ணுன்னேன். என் முன்னாடியே டைப் பண்ணி அனுப்பினான். நாலு நாள் ஆச்சு, ப்ளூ டிக் விழுந்திருக்காம், பதில் இன்னும் வரல.